டீச்சர் யாரு?

சூடு ஆறாத முட்டையை ஊதி ஊதி உரிக்கிறாள் சந்தனமாரி, விரல் நுனி பொசுங்குகிறது, ஒண்ணு என்கிறாள், ஒண்ணு என்று பிள்ளைகள் கத்துகின்றன, அங்கன்வாடிச் சுவரே அதிர்கிறது, இல்லை, இது அங்கன்வாடி இல்லை, அதிகாரியின் அறை, பக்கத்து ஊரில் காலியான டீச்சர் வேலைக்கு நேர்காணல், பாடம் நடத்தின அனுபவம் உண்டாம்மா என்று மேடம் கேட்கிறார், உண்டாவா, நல்லா கேட்டாங்க போ, பதினோரு வருஷமாகப் பேருக்குத்தான் ஆயா, சோறு வடித்தது, மூக்கைச் சிந்திவிட்டது, தட்டித் தூங்கவைத்தது, அ ஆ போட்டுக் கொடுத்தது எல்லாம் இந்தக் கைதானே, அமலி டீச்சர் வாரத்தில் ரெண்டு நாள் வந்தால் பெரிசு, அக்கா, மாமியாருக்கு மேலுக்கு முடியலை, இன்னைக்கு மட்டும் சமாளிச்சுக்கோங்க என்பாள், அந்த இன்னைக்கு மட்டும் இன்றுவரை முடிந்தபாடில்லை.

மேடம் கோப்பைப் புரட்டுகிறார், பாடம் நடத்துறதில்லைன்னு நாலு வருஷம் முந்தி நீங்களே சொல்லியிருக்கீங்களே, கீழே உங்க கையெழுத்து, என்கிறார், அன்றைக்கு அங்கன்வாடி வாசலில் மழை தூறிக்கொண்டிருக்கிறது, ஆய்வுக்கு வந்த சார் குனிந்து, உங்க டீச்சர் யாரு என்கிறார், அத்தனை பிஞ்சு விரலும் சந்தனமாரியை நோக்கி நீள்கின்றன, அமலி முகத்தில் ஈயாடவில்லை, கண்ணாலேயே கெஞ்சுகிறாள், கைக்குழந்தைக்காரி, வேலை போய்விட்டால் என்ன செய்வாள், ஐயோ சார், சின்னப் பிள்ளைக, தெரியாமச் சொல்லுதுக, நான் ஆயாதான், நான் எங்க பாடம் நடத்த, என்று சிரித்தாளே, சிரித்தபடியே கையெழுத்தும் போட்டாளே, கூறுகெட்டவள், தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டவள். அன்னைக்குச் சொன்னதுதான் பொய் மேடம், அந்தப் பிள்ளைகளைக் கேளுங்க, என்கிறாள், மேடம் அனுபவம் என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதிவிட்டு அடுத்தவங்க வரலாம் என்கிறார்.

நேர்காணல் முடிந்த மறுவாரம், அங்கன்வாடியில் மறுபடி சூடு ஆறாத முட்டை, அஞ்சு, ஆறு, வாசலில் ஜீப் வந்து நிற்கிறது, புது அதிகாரி, நல்லவேளையாக இன்றைக்கு வந்திருக்கும் அமலி அவசரமாகக் கரும்பலகைப் பக்கம் போய் நிற்கிறாள், உங்க டீச்சர் யாரு, அதே கேள்வி, அதே மாதிரி விரல்கள், அதே கெஞ்சல், எத்தனை தடவைதான் ஒருத்தி இரங்குவாள், ஆமா சார், நான்தான் டீச்சர், என் பேரு சந்தனமாரி, அப்படியே எழுதுங்க, எழுதினாத்தான் கையெழுத்துப் போடுவேன், என்கிறாள், அதிகாரி அமலியைப் பார்க்கிறார், அமலி தரையைப் பார்க்கிறாள், பேனா மூடியைத் திறக்கும் சத்தம், ஊத மறந்த முட்டை கையில் சுடுகிறது, ஏழு என்கிறாள், அடுத்தது என்ன என்று பிள்ளைகளைக் கேட்கிறாள், எட்டு டீச்சர் என்கின்றன.