ஒத்தையாள் படகு

பேச்சிராஜின் இடுப்பு அந்த வளையத்துக்குள் இறங்காது. இசக்கிச்செல்விக்கு அது பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து தையல் மிஷினில் உட்காருகிறவள். தெருவில் போகிற பெண்ணின் முதுகைப் பார்த்தே ஜாக்கெட் அளவு சொல்லிவிடுவாள். புருஷன் உடம்பு தெரியாதா? சென்ட்ரிங் பலகை சுமந்து சுமந்து பக்கவாட்டில் அகன்றுபோன உடம்பு.

பின்வாசல் தகரக் கொட்டகையில் கிடந்தது அந்தச் சாமான். நீளநீளமாக ரீப்பர் கட்டைகள், குறுக்கே வெந்நீரில் ஊறப்போட்டு வளைத்த பிரம்பு விலாக்கள். ஒரு ஆணி கிடையாது, எல்லாம் நைலான் கயிற்றுக் கட்டு. மேலே நடுவில், ஆள் நுழைந்து உட்கார ஒரு மர வளையம். கயாக் என்று பேர் சொன்னான். பனிக்கடல் பக்கத்து ஜனங்கள் வேட்டைக்குப் போக வீட்டிலேயே செய்துகொள்கிற படகாம். போனில் ஒரு வெள்ளைக்காரன் செய்துகாட்டுவதைப் பார்த்துப் பார்த்து, வேலை விட்டு வந்ததும் கட்டிக்கொண்டிருந்தான்.

யாருக்கு என்று கேட்டால் "சும்மாதாம்ட்டி" என்பான். சும்மா ஒரு காரியம் செய்கிற ஆள் இல்லை பேச்சிராஜ். ஞாயிற்றுக்கிழமை தூங்குவதற்குக்கூட அவனிடம் ஒரு காரணம் இருக்கும்.

பக்கத்து வீட்டுச் சுடலைவடிவு சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். முறைக்கு மதினி.

"ஏளா செல்வி, எந்தம்பி என்ன பாடையா கட்டுதான்?"

"படகாம் மதினி."

"படகா? ஒராளுதானளா உக்காரலாம் போலிருக்கு. ரெண்டு பேரு இருக்க வீட்டுல ஒத்தையாள் படகு எதுக்கு?"

மதினி சிரித்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். செல்விக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் வேலை பார்க்கிற தையல் கடை ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. வெள்ளத்தில் தரைப்பாலம் போனதிலிருந்து அக்கரைக்குச் சுற்றுவழிதான். மூன்று பஸ் மாற வேண்டும். கீழே அணைக்கட்டு இருப்பதால் கோடையிலும் அந்த இடத்தில் ஆள் மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கும், இறங்கி நடக்க முடியாது. கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட இரண்டு தடவை கடையில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர் கண்ணன் தன் வண்டியில் கொண்டுவந்து விட்டான். வண்டி திரும்பிப் போனபிறகு பேச்சிராஜ் வாசல் மண்ணில் கிடந்த சக்கரத் தடத்தைக் காலால் தேய்த்து அழித்தான்.

தை மாதக் கடைசியில் அவள் சொன்னாள்: "கடைக்குப் பக்கத்துல ஒரு ரூம் இருக்கு. சித்திரை பொறந்ததும் அங்கன தங்கிக்கிடுதேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வாரேன்."

அவன் "ம்" என்றான். மறுநாள் ரீப்பர் கட்டை வந்து இறங்கியது.

அதுதான் அவளை அறுத்தது. நான் கிளம்புகிறேன் என்று சொன்ன மறுநாளே ஒரு மனுஷன் படகு கட்டுகிறான் என்றால் என்ன அர்த்தம்? எப்போது போவாள் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

பங்குனியில் கூடு முடிந்தது. மேலே போர்த்துவதற்குக் கெட்டியான கித்தான் துணி வாங்கிவந்து அவள் முன்னால் போட்டான்.

"நீதான் தச்சுத் தரணும். தண்ணி இறங்கப்பிடாது."

கோணி ஊசியும் மெழுகு தேய்த்த நூலுமாகக் கொட்டகையில் உட்கார்ந்தாள். கித்தானை இழுத்துப் பிடித்தபடி எதிரே அவன். இடையிடையே மடியிலிருந்து முடிச்சுப் போட்ட ஒரு கயிற்றை எடுத்து அங்கே இங்கே வைத்துப் பார்த்தான்.

"டேப்பு இருக்கையில கயிறு எதுக்கு?"

"அவுக ஊர்ல இப்படித்தானாம். ஓட்டுத ஆளு ஒடம்புதான் அளவு. கை ரெண்டையும் விரிச்சா ஒரு பாகம். அதுல மூணு, படகு நீளம். இடுப்புக்குத் தக்கன வளையம்."

"ஓட்டுத ஆளு யாரு?"

அவன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான்.

அவன் முகம் கழுவப் போன நேரத்தில் டேப்பை வளையத்தில் வைத்தாள். பெண்பிள்ளை அளவு. தன்னிடம் தைக்கத் துணி தந்த ஒவ்வொருத்தியையும் மனதுக்குள் கொண்டுவந்து அதில் உட்காரவைத்துப் பார்த்தாள். மதினிக்குப் பாதிகூட இறங்காது. எதிர்வீட்டுக்காரிக்கு லொடலொட என்று கிடக்கும். சித்தாள் நித்யாவுக்கு? பேச்சிராஜோடு கலவை சுமக்க வருகிறவள், கட்டையான உடம்பு. இறங்கும்.

சாப்பாடு போடும்போது கேட்டாள். "நித்யா நல்லா இருக்காளா?"

"எந்த நித்யா?"

"ஒங்க கூடக் கலவை சுமக்க வாராள்லா."

"அவளுக்கென்ன, இருக்கா." தலை நிமிராமல் சொன்னான். நிமிர்ந்து சொல்லியிருந்தால் விட்டிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை கித்தானுக்குப் பூச பெயிண்ட் வாங்க அவன் கிளம்பினான். சைக்கிள் திருப்பம் தாண்டியதும் செல்வி கொட்டகைக்குப் போனாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வளையத்துக்குள் காலை விட்டாள். எவளுக்குச் செய்திருக்கிறான் என்று உட்கார்ந்தே பார்த்துவிடுவது.

இடுப்பு பிசகாமல் இறங்கியது. இரண்டு பக்கமும் ஒரு விரல் இடம். முழங்கால் போய்த் தொட்ட இடத்தில் பழைய துணியை மடித்து மெத்தையாகக் கட்டியிருந்தான். காலை நீட்டினாள். அவள் கால் குட்டை. பஸ் சீட்டில் உட்கார்ந்தால் தரை எட்டாது. இங்கே பாதம் போய் ஒரு மிதிகட்டையில் பதிந்தது.

தன் உடம்பை அவள் ஒருநாளும் டேப் வைத்து அளந்ததில்லை. பழைய ஜாக்கெட்டை வைத்துப் புதிய ஜாக்கெட் வெட்டுவதுதான் வழக்கம். அதுகூட இப்படிப் பொருந்தியதில்லை.

எழுந்திருக்கத் தோன்றாமல் அப்படியே இருந்தாள். பெயிண்ட் டப்பாவோடு வந்தவன் கொட்டகை வாசலில் நின்றுவிட்டான்.

"எப்பம் அளந்தீங்க?"

"பாவாடை கொடியில காயும்லா." டப்பாவைக் கீழே வைத்தான். "நீ சேலை காயப்போடையில ரெண்டு கையையும் விரிப்ப. கொடியில அடையாளம் வச்சுக்கிட்டேன்."

"எனக்குன்னு சொல்லுததுக்கு வாயில என்ன?"

"முடியட்டும்னு இருந்தேன். ரூம் வேண்டாம்லா இனி. காலைல இதுல போ. சாயங்காலம் இதுல வந்துரு."

அவள் வளையத்தின் விளிம்பைத் தடவினாள். மழமழவென்று இழைத்திருந்தான். சந்தோஷப்படத்தான் நினைத்தாள். மதினி கேட்டது குறுக்கே வந்தது.

"ரெண்டு பேரு உக்காருத மாதிரி கட்டியிருக்கலாம்லா? நீங்களே கொண்டு விட்டிருக்கலாம்."

"ரெண்டு பேரு உக்காந்தா..." நிறுத்திக்கொண்டான்.

"உக்காந்தா?"

"கண்ணனும் உக்காருவான்."

சுவருக்கு அந்தப் பக்கம் மதினி வீட்டில் அம்மி அரைக்கிற சத்தம் நின்றது. செல்வி வளையத்தில் கையூன்றி எழுந்து வெளியே வந்தாள். சேலையை உதறி இறக்கிவிட்டாள்.

"நான் நித்யாவுக்குன்னு நெனச்சேன்."

"எந்த நித்யா?" என்றான் மறுபடியும்.

அவள் உட்கார்ந்து மீதித் தையலை முடித்தாள். இரட்டைத் தையல், நெருக்கமாக. பெயிண்டை அவன் பூசினான்.

பங்குனி முடிவதற்கு முன்னால் ஒரு காலையில் படகைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போனான். படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். செல்வி அவனுடைய பழைய பேன்ட் ஒன்றைப் பிடித்துத் தைத்துப் போட்டிருந்தாள். போனைப் பாலிதீன் பையில் சுற்றி ஜாக்கெட்டுக்குள் செருகியிருந்தாள். ஆற்றில் முங்கி வளர்ந்தவள். தண்ணீர்ப் பயம் கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் அவன் பிடித்துக்கொள்ள, அவள் உள்ளே இறங்கித் துடுப்பை வாங்கினாள்.

முதலில் படகு நின்ற இடத்திலேயே வட்டம் சுற்றியது.

"ஏலே பேச்சிராஜ், ஒரு கயித்தக் கட்டி விடுலே! பொண்டாட்டி புன்னக்காயல் கடலுக்குப் போயிருவா!" என்றாள் சுடலைவடிவு. துறையே சிரித்தது.

பிறகு கைக்குப் பழகிவிட்டது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இடிந்த பாலத்தின் மொட்டைத் தூண்களைத் தாண்டினாள். அக்கரை மணலில் படகின் மூக்கு முட்டியதும் இறங்கி அதை இழுத்து ஒரு கருவேல மரத்தடியில் போட்டாள். போனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள். எதிர்க்கரையில் அவன் சட்டைப் பையைத் தடவுவது தெரிந்தது.

"நல்லாப் போவுதுட்டி! திருப்பிக் கொண்டா!"

"நீங்க வாங்க."

"எப்படி வர? படகு அங்கனல்லா கெடக்கு."

"நான் தெனமும் எப்படி வாரேனோ அப்படி. மூணு பஸ்ஸு மாறி வாங்க. கடையில இருக்கேனா, ரூம் பாக்கப் போயிட்டேனா, யாரு கூட நிக்கேன்னு வந்து பாத்துக்கிடுங்க. பாத்த பெறவு பேசுவோம், இதுல திரும்புததா வேண்டாமான்னு."

போனை வைத்தாள். அவன் இடுப்பில் கட்டியிருந்த நனைந்த சாரத்தைப் பிழிந்துவிட்டுப் படியேறினான். துறைப் பெண்கள் என்னவோ கேட்டார்கள். அவன் நிற்கவில்லை.

மேலே ஏறினால் பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் பஸ் நிறுத்தம். வலப்பக்கம் அவன் சென்ட்ரிங் வேலை பார்க்கிற தெரு.

செல்வி நெற்றியில் கையை மறைப்பாக வைத்து, எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.