ஏரியின் கீழ்வீட்டுக்காரர்கள்

ஏரியில் மிதந்த கயிற்றைச் சம்பந்தி சுட்டிக்காட்டியதும் பெரியவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன சம்பந்தி இது, நடு ஏரியில துணி காயப்போடற கொடி மாதிரி?"

"நீச்சலடிக்க வர்றவங்களுக்கு. ஆழம் தெரியாம வந்துடக் கூடாது பாருங்க" என்றார் பெரியவர், துடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

காலி டப்பாக்களைக் கோத்து அந்தக் கயிற்றைக் கட்டியவரே அவர்தான். இந்தப் பக்கத்து ஆழம் அவருக்கு, அந்தப் பக்கத்துப் பாசிக்கரை தம்பிக்கு. தூண்டில் போட வருகிறவர்களை இருவரும் தனித்தனிப் படகில் ஏற்றிப் போவார்கள். பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது. ஆனால் மகளைக் கொடுத்த வீட்டில், "நானும் என் தம்பியும் ஓருயிர்" என்றே சொல்லி வைத்திருந்தார். வீட்டுச் சண்டையை அடுத்தவர் முன்னால் விரித்துப் போடுகிற குடும்பம் அல்ல அது. இன்று குட்டு உடைந்தால் மகளும் அல்லவா தலைகுனிய வேண்டும்?

முதன்முறையாக வந்திருந்த சம்பந்தி ஆசைப்பட்டது ஒரு வாளை மீனுக்கு. காலையிலிருந்து அடியாழத்தில் கிடந்தும் தூண்டில் அசையவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.

"உங்க மாப்பிள்ளைகிட்ட போய் என்ன சொல்லட்டும்? புழுவைக் குளிப்பாட்டிட்டு வந்தோம்னா?" என்றார் சம்பந்தி.

பெரியவர் சிரிக்க முயன்றார். மீன் எங்கே போயிருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? ஏரியை மூன்றடுக்கு வீடு என்பார் அப்பா. மேல்வீட்டில் விரால், இலைகளுக்கு நடுவே நின்று, மூச்சு வாங்க அடிக்கடி தலை நீட்டும். நடுவீட்டில் கெண்டைக் கூட்டம். கீழ்வீட்டில் வாளை. கோடையில் அடித்தண்ணீர் செத்துப்போகும், கீழ்வீட்டில் மூச்சுமுட்டும். வாளை ஏறிவந்து, பாசி முடிகிற சரிவில் விராலுக்குக் கீழே படுத்துக்கொள்ளும்.

சின்ன வயதுக் கோடைகளில் அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே படகு. முன்முனையில் இவர், ஈயக்குண்டு கட்டிய நூலைக் கீழே இறக்குவார். பின்முனையில் தம்பி, இலை மேல் தூண்டில் தவளையைத் துள்ளவிடுவான். ஒரே இடம்தான், ஆனால் இரண்டு நூலும் ஒருநாளும் சிக்கியதில்லை. "கீழ்வீட்டுக்காரர் மாடி ஏறிட்டார்ணே!" என்று தம்பி கத்தினால் ஏரிக்கரையே திரும்பிப் பார்க்கும். வெந்த முதுகும் ஈரக் கால்சட்டையுமாக வீடு திரும்பினால், அம்மா யார் பிடித்த மீன் என்று கேட்கமாட்டாள். சட்டியை மட்டும் நீட்டுவாள்.

தனித்தனிப் படகு வாங்கிய பிறகு, இப்படியொரு கோடையில், பாசிக்கரையில் தம்பிக்கு வாளை மாட்டியது. ஆழத்து மீன் தன்னுடையது என்ற நினைப்பில், படகுத்துறையில் எல்லோருக்கும் எதிரே இவர் வாயிலிருந்து "திருடன்" என்று வந்துவிட்டது. மறுநாள் கயிறு கட்டினார்.

"உங்க தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டா இடம் சொல்ல மாட்டாரா?" சம்பந்தி விடுவதாக இல்லை. "அதோ, அவர்தானே?"

கயிற்றுக்கு அப்பால் தம்பியின் படகு நின்றது. இனி திரும்பினால் கேள்வி வரும். பெரியவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு துடுப்பைப் போட்டார். கயிற்றருகே வந்ததும் நின்றார்.

தம்பி இருவரையும் பார்த்தான். தூண்டிலைக் கீழே வைத்தான்.

"வாங்க சம்பந்தி! என்னண்ணே இவ்வளவு நேரம்? காலையிலிருந்து இடம் பிடிச்சு வெச்சுட்டு உக்காந்திருக்கேன். கீழ்வீட்டுக்காரங்க எல்லாரும் இங்க வந்தாச்சு. நீ மட்டும்தான் பாக்கி."

பெரியவர் துடுப்பைத் தூக்கிப் படகுக்குள் வைத்தார். "வெயில்டா" என்றார்.

"இதுல ஏறிக்குங்க. பெரிய படகு."

சம்பந்தி தாவி ஏறி நடுவில் உட்கார்ந்தார். யாரும் சொல்லாமலே பெரியவர் முன்முனைக்குப் போனார். ஈயக்குண்டு சரிவில் இறங்கியது. பின்னால் இலைமேல் தவளை துள்ளுகிற சத்தம் கேட்டது. அவர் திரும்பவில்லை, திரும்பினால் முகம் காட்டிக் கொடுத்துவிடும்.

நூல் வெடுக்கென்று இழுபட்டது. பெரியவர் தூண்டிலைச் சம்பந்தியின் கையில் திணித்தார். அவர் வாளையோடு மல்லுக்கட்டி, படகுக்குள் போட்டுவிட்டுத்தான் மூச்சுவிட்டார். கூடவே பெரியவர் சொன்னதும் ஞாபகம் வந்தது.

"ஆமா, இங்க நீச்சலடிக்க நிறைய பேர் வருவாங்களா?"

"நீச்சலா?" தம்பி விழித்தான். "எதுக்குக் கேக்கறீங்க?"

"அந்தக் கயிறு..."

தம்பி அண்ணனைப் பார்த்தான். பெரியவர் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்:

"சாயங்காலம் அவுத்துடலாம்டா. யாரும் நீந்தறதில்ல."