வெள்ளிக் கரண்டி அகப்பட்ட தட்டு

வாளியைக் கவிழ்த்ததும் மேசைமேல் முதலில் விழுந்தது பாதி கடித்த கோழிக்கால். அதன் பின்னால் மீன் தலை, குழம்பில் ஊறிய ரொட்டி, யாரோ ஒரு வாய் வைத்துவிட்டுச் சலித்துப்போன கேக். கடைசியாக, அடியில் உறைந்திருந்த கொழுப்போடு சேர்ந்து ஒரு வெள்ளிக் கரண்டி விழுந்தது. ஒனொரீன் அதைத் தொடவில்லை. முந்தின நாள் சாயங்காலம் அவளுடைய மகள் ஸெலியைப் போலீஸார் கூட்டிக்கொண்டு போனது இந்தக் கரண்டிக்காகத்தான்.

"திரையை இழுத்து விடு," என்றாள் ஒனொரீன்.

பார்னபே எழுந்து போய்த் திரையை இழுத்து விட்டான். அவன் ஜேப்படிக்காரன். துலோன் சிறையில் காலில் சங்கிலியோடு இருந்து வந்தவன். அப்படிப்பட்டவர்கள் விடுதலையான பிறகு பாரிஸில் காலெடுத்து வைக்கக்கூடாது என்பது சட்டம். ஆகையால் போலீஸ் கண்ணில் படாமல் எங்கள் சந்தில் ஒளிந்திருந்தான். பாரிஸின் நட்ட நடுவில், நோத்ர தாம் கோயிலின் நிழல் விழும் தூரத்தில் இருந்தது எங்கள் சந்து. கோயில் மணி கேட்கும், வெயில்தான் வராது.

பெரிய மாளிகைகளில் விருந்து முடிந்ததும் எல்லாத் தட்டுகளிலும் மிஞ்சியதை ஒரே வாளியில் வழித்துப் போடுவார்கள். அந்த வாளியை விற்றுக்கொள்வது தலைமைச் சமையல்காரரின் உரிமை. அதைத் திருட்டு என்று ஒருவரும் சொன்னதில்லை. அவர் சமையல்கட்டுத் தலைவரின் வெள்ளைத் தொப்பி போட்டவர். ஒனொரீன் மாதிரிக் கடை வைத்திருப்பவர்கள் அதை வாங்கி வந்து, கறியைக் கறியாகவும் மீனை மீனாகவும் பிரித்து, தட்டில் பார்வையாக அடுக்கி எங்களுக்கு விற்பார்கள். கோமாளியின் ஒட்டுச் சட்டை மாதிரி பல நிறமாக இருப்பதால் அந்தத் தட்டுக்கு அந்தக் கோமாளியின் பெயரே, ஆர்லெக்கின். அதன் ருசியைக் குறை சொல்ல முடியாது. பாரிஸின் தேர்ந்த சமையல்காரர்கள் சமைத்தது. எங்களுக்கு முன்னால் வேறு சிலர் சாப்பிட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

ஸெலிக்குப் பதினேழு வயது. ஒப்ரியாக் மாளிகையில் பாத்திரம் தேய்க்கும் வேலை. வாளி வாங்கப் போன பழக்கத்தில் சமையல்காரரிடம் கெஞ்சி அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளே ஒனொரீன்தான். சமையல்கட்டு நிலவறையில் இருந்தது. ஸெலி மாடிப்படி ஏறியதே இல்லை. எஜமான் இறங்கியதே இல்லை. கரண்டி காணோம் என்றதும் காரியஸ்தர் புகார் எழுதினார், எஜமான் கையெழுத்துப் போட்டார். வேலைக்காரி விஷயத்தில் எஜமானின் சொல் போதும், வேறு சாட்சி தேடுகிற வழக்கம் இல்லை. ஐந்து வருஷத்துக்குக் குறையாது என்று போலீஸ்காரர் போகிறபோதே சொல்லிவிட்டுப் போனார். ஒனொரீனுக்கு அவள் ஒரே பிள்ளை.

"ஓடிப்போய்க் குடுத்துட்டு வந்துரவா?" என்றாள் ஒனொரீன்.

"குடுத்தா, பொண்ணு வாளியில போட்டா, ஆத்தா வாளியிலேருந்து எடுத்தா, விக்கப் பயந்துக்கிட்டுத் திருப்பிக் குடுத்தாங்கன்னு எழுதுவாங்க. ரெண்டு பேரும் உள்ள போகணும். நான் ஜட்ஜா இருந்தாலும் அப்படித்தான்க்கா எழுதுவேன்," என்றான் பார்னபே.

ஆற்றில் போட்டுவிடலாமா என்று கேட்டாள். கரண்டி போய்விட்டால் ஸெலி திருடியது உறுதியாகிவிடும் என்றான். கரண்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். காம்பில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு பொறித்திருந்தது. முப்பது வருஷமாக வெள்ளியைக் கையாண்டவன் அவன். எத்தனையோ பொருளை வெளியே எடுத்திருப்பதாகவும், ஒன்றை உள்ளே வைப்பது இவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது என்றும் சொன்னான்.

"இது யாராவது பெரிய மனுசன் கையில தானா அகப்படணும்க்கா. அவன் வாயால சொன்னா நம்புவாங்க."

"பெரிய மனுசனுக்கு நான் எங்க போவேன்?"

"எங்கயும் போக வேணாம். மத்தியானம் வருவான்ல."

வருகிறவன் பெயர் ஜெரோம். சாயப்பட்டறைத் தொழிலாளி என்று சொல்லிக்கொண்டு ஆறு மாதமாக எங்கள் சந்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். 'வருகிறவன்' என்று தொடங்கி 'இருந்தார்' என்று முடிப்பதற்குக் காரணம் உண்டு. சாயப்பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கு முழங்கை வரை நீலம் ஏறியிருக்கும், செத்த பிறகும் போகாது. ஜெரோமின் நகங்கள் பச்சைக் குழந்தையின் நகங்கள் மாதிரி இருந்தன. முகத்தில் பூசிக்கொண்ட அழுக்கு கழுத்தோடு நின்றுவிடும். உட்காருவதற்கு முன்னால் பெஞ்சைக் கைக்குட்டையால் துடைப்பார். பிறகு பக்கத்தில் இருப்பவனிடம் குனிந்து, உனக்கு யார் அநியாயம் செய்தது, அவன் பெயர் என்ன என்று கேட்பார். எங்கே வலிக்கிறது என்று வைத்தியர் கேட்கிற மாதிரி இருக்கும்.

ஆனால் கேட்டதற்குப் பலன் இருந்தது. வாடகைக்கு வந்து பெண்களை அடித்துக்கொண்டிருந்த ஒரு முரடன் திடீரென்று சிறைக்குப் போனான். குழல் ஊதிப் பிச்சை எடுத்த குருடருக்கு ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்தது. வேஷம் போட்ட பிரபு, ஏழைகளுக்கும் திருடர்களுக்கும் நடுவில் நியாயம் தேடி அலைகிறார் என்பது எங்களுக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. எந்தப் பிரபு என்பதுதான் தெரியவில்லை. கேட்பது மரியாதை இல்லை. குழந்தைகளுக்கு ஜெரோம் மாமா என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்தோம். வெளியூர்க்காரன் ஒருவன் அவர் நகத்தைப் பார்த்துச் சிரித்தபோது பார்னபே அவன் காலை ஓங்கி மிதித்தான். ஒரு நல்ல மனுஷன் ஆசையாகப் போட்டிருக்கும் வேஷத்தை நாம் ஏன் கலைக்க வேண்டும்?

அன்று மத்தியானம் அவர் தட்டைப் பார்னபேயே அடுக்கினான். நாக்குக் கறித் துண்டு இரண்டை மேலே வைத்து, கரண்டியை அடியில் செருகி, குழம்பை ஊற்றினான். நாங்கள் சொல்லிக் கொடுத்து அவர் சாட்சி சொன்னால் அது கேள்விச் சாட்சி. தன் தட்டில் தானே எடுத்தால் கண்கண்ட சாட்சி. இந்த வித்தியாசம் எங்கள் சந்தில் பேசத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். நாங்கள் அத்தனை தடவை நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறோம்.

ஜெரோம் நன்றாகச் சாப்பிடுவார். இந்தக் கடைக் குழம்பை எங்கேயோ ருசித்த மாதிரி இருக்கிறதே என்று முன்பு ஒருமுறை சொன்னதும் உண்டு. கடையில் இருந்த எல்லோரும் அவரவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். முள்கரண்டி எதிலோ இடித்தது. அவர் வெளியே எடுத்தார், கைக்குட்டையால் துடைத்தார், கொக்கைப் பார்த்தார்.

அது அவர் கரண்டி. எங்கள் ஜெரோம்தான் மார்கி பட்டம் கொண்ட ஒப்ரியாக் பிரபு. அவருக்கு முதலில் உறைத்தது கரண்டி அல்ல, குழம்பு. ஆறு மாதமாகத் தன் வீட்டு எச்சிலைத் தானே காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார் என்பது புரிந்து, தட்டை மெல்லத் தள்ளி வைத்தார். முகம் வெளுத்தது. எங்களுக்கு அப்போது அது புரியவில்லை. ஏழைப் பெண்ணுக்காக மனம் கலங்குகிறார் என்று நினைத்தோம்.

ஒனொரீன் அவர் எதிரில் வந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். புகார் கொடுத்தது யார் என்று அவர் கேட்டார்.

"அந்த வீட்டு எஜமான்தான். ஒரு கையெழுத்துப் போட்டாராம். எம் பொண்ணு கறுப்பா செவப்பான்னு கூட அவருக்குத் தெரியாது."

அந்தக் கையெழுத்தைப் போட்ட நேரத்தில் அவருக்கு அவசரம். வேலைக்காரன் சாயப்பட்டறைச் சட்டையை எடுத்து வைத்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தான். வெளியே போகிற வழியில், அநியாயத்தைத் தேடப் போகிற வழியில், படிக்காமல் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

"உங்க தட்டுல நீங்களே எடுத்தீங்கன்னு கோர்ட்டுல சொல்லுவீங்களாண்ணே? வேற ஒண்ணும் வேணாம். அத மட்டும் சொன்னா போதும்," என்றாள் ஒனொரீன்.

"கவலைப்படாதே அம்மா. நியாயம் நடக்கும்," என்றார் அவர். கரண்டியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அன்றைக்கு மட்டும் அவசரத்தில் ஏழை மாதிரிப் பேச மறந்துவிட்டார்.

ஒனொரீன் அன்று ராத்திரி தூங்கினாள். ஒரு வாரம் கழித்துப் பார்க்க விட்டதும் சிறைக்குப் போய், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற மகளிடம், பெரிய இடத்துச் சாட்சி ஒன்று இருக்கிறது, பயப்படாதே என்று சொன்னாள். ஸெலி கோணி தைத்துத் தைத்து விரல் நுனியெல்லாம் வெடித்துப் போயிருந்தாள். வெளியே வந்ததும் வயிறு நிறைய வெள்ளை ரொட்டி சாப்பிட வேண்டும் என்றாள்.

விசாரணைக்கு நாங்கள் பத்துப் பதினைந்து பேர் போனோம். பார்னபே மட்டும் வரவில்லை. அந்தக் கட்டிடத்தில் அவனைத் தெரிந்தவர்கள் அதிகம். சாயப்பட்டறைச் சட்டையைக் கூட்டத்தில் தேடித் தேடிக் கண் வலித்தது. கடைசியில் சாட்சிக் கூண்டில் ஏறியவர் ஒப்ரியாக் மாளிகையின் காரியஸ்தர். கரண்டி கிடைத்ததா என்று தலைமை நீதிபதி கேட்டார். கிடைத்தது என்றார் காரியஸ்தர். மார்கி அவர்களே நேரில் மாறுவேஷத்தில் போய், சாயப்பட்டறைக்காரனாக நடித்து, உயிரைப் பணயம் வைத்து, ஒரு திருடர் குகையிலிருந்து அதை மீட்டார்கள் என்றார்.

பிரபு பொய் சொல்லி அனுப்பவில்லை. தட்டை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

கரண்டி திருடர்களிடம் இருந்தது என்றால், அதைத் திருடர்களுக்குக் கொடுத்தவள் ஒருத்தி இருக்க வேண்டும். நடுவர்களாக உட்கார்ந்திருந்த கடை முதலாளிகள் பன்னிரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். அந்த நிமிஷம்தான் ஒனொரீனுக்கு ஜெரோம் யார் என்று புரிந்தது. அவள் எழுந்து நின்றாள். வாயைத் திறந்தால் அவளும் உள்ளே போக வேண்டியதுதான். அது தெரிந்தேதான் திறந்தாள்.

"குகை இல்லீங்க, என் கடைங்க. மீட்கவும் இல்லீங்க. மார்கி அய்யா சாப்பிட்ட தட்டுல இருந்துச்சு. அவங்க வீட்டு வாளியிலேருந்து வந்த ஆர்லெக்கின். ஆறு மாசமா எங்கிட்டதான் சாப்பிடுறாங்க."

 நீதிமன்றமே சிரித்தது. அரசாங்க வக்கீல் சிரித்தார், நடுவர்கள் சிரித்தார்கள், ஸெலிக்காக வாதாட வந்த வக்கீலும் வாயைப் பொத்திக்கொண்டார். ஒப்ரியாக் வம்சத்து மார்கி தன் வேலைக்காரர்கள் விற்ற எச்சிலைச் சாப்பிட்டார் என்று சொல்கிறாயா என்று தலைமை நீதிபதி கேட்டார். ஆமாங்க என்றாள் ஒனொரீன். மகள் மேல் உள்ள பாசத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று அவளை வெளியே கொண்டுபோகச் சொன்னார். அதனால்தான் அவள் மேல் வழக்குப் போடவில்லை.

மார்கி அவர்கள் இந்தப் பெண்ணை மன்னித்துவிட்டார்கள், தண்டனையைக் குறைக்கும்படி கேட்டுக்கொள்கிறார்கள் என்று காரியஸ்தர் சொன்னார். அந்தப் பெருந்தன்மையைத் தலைமை நீதிபதி வெகுநேரம் புகழ்ந்தார். ஐந்து வருஷம் இரண்டு வருஷமாயிற்று. எதற்காக மன்னிக்கிறார்கள் என்று ஸெலி பக்கத்தில் நின்ற காவலரைக் கேட்டாள். பேசாதே என்றார் அவர்.  கத்தினால் ஸெலிக்குத்தான் கெடுதல் என்று பேசாமல் படியிறங்கி வந்தோம்.

அடுத்த வாரம் ஜெரோம் வந்தார். அதே சட்டை, அதே கட்டை மிதியடி. இரண்டு வருஷம் என்பது ஐந்து வருஷம் அல்லவே, தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டோம் என்ற நிம்மதி முகத்தில் தெரிந்தது. கொடுமை என்னவென்றால், அவர் கெட்டவர் இல்லை.

அவர் வாசலில் தலை குனிந்து நுழைந்ததும் ஒனொரீன் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"மார்கி பிரபு வந்திருக்காங்க. எல்லாரும் எந்திரிங்க," என்றாள்.

எல்லோரும் எழுந்தோம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு எழுந்தார்கள். ஒரு காலை இழந்த மூட்டைக் கூலி ஒருவன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். பார்னபே தொப்பியைக் கழற்றினான். சிறையில் மொட்டையடித்தபோது கத்தி கீறிய தழும்பு தெரிந்தது. கடையில் இருந்த தொப்பிகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தலையை விட்டு இறங்கின.

"என்ன இது? நான் ஜெரோம்தானே. உட்காருங்கப்பா," என்றார் அவர், எங்களை மாதிரிப் பேசப் பார்த்து.

ஒருவரும் உட்காரவில்லை. பார்னபே ஒரு நாற்காலியைத் தன் தொப்பியால் துடைத்து, கடை நடுவில் தனியாகப் போட்டு, பின்னால் நகர்ந்து நின்றான். பிரபு அதைப் பார்த்தார், உட்காரவில்லை. ஒனொரீனிடம் வந்து, தாழ்ந்த குரலில், ஸெலிக்கு என்ன வேண்டும், கேள், எதுவானாலும் செய்கிறேன் என்றார். வெளியே வந்ததும் வெளியூரில் நல்ல வீட்டில் வேலை பார்த்து வைப்பதாகச் சொன்னார்.

"ஒண்ணுதாங்க வேணும். எந்தத் தட்டுல எடுத்தீங்கன்னு ஜட்ஜுகிட்டச் சொல்லணும். அதோட எம் பொண்ணு வீட்டுக்கு வந்துருவா."

 பிரபு தன் தாயார் உயிரோடு இருப்பதைச் சொன்னார். தங்கைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருப்பதைச் சொன்னார். தன் ஒருவனைப் பற்றிய விஷயமாக இருந்தால் நாளைக்கே சொல்லிவிடுவேன், ஒரு வம்சத்தின் பெயர் ஊர் வாயில் விழுந்துவிடுமே என்றார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது.

ஒனொரீன் தலையை ஆட்டிக்கொண்டாள். இடுப்பில் செருகியிருந்த பாவாடை நுனியை இறக்கிவிட்டு, பெரிய வீட்டு வேலைக்காரிகள் செய்கிற மாதிரி முழங்காலை மடித்து வணங்கினாள்.

"அப்ப எங்களுக்கு ஒரு குறையும் இல்லீங்க, பிரபு."

அவர் எங்களைச் சுற்றிப் பார்த்தார். உனக்கு, உனக்கு என்று ஒவ்வொருவராகக் கேட்டார். முந்தின வாரம் வரை அவரிடம் சொல்ல எங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு பாட்டம் அழுகை இருந்தது. கூலியைப் பிடித்துக்கொண்ட முதலாளி இருந்தான், கூரை ஒழுகும் அறை இருந்தது, பார்னபேக்குக் கால் வைக்கக்கூடாத பாரிஸே இருந்தது. ஒரு குறையும் இல்லீங்க பிரபு என்று ஒவ்வொருவராகச் சொன்னோம். சொல்லிவிட்டுத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் போகிறவரை நின்றோம்.