யாயாத்தின் காது

பாண்டுங் நகரத்தில் யாயாத்தின் காதுக்குத் தனி மரியாதை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓஹிமின் காப்பிக் கடையில் கூடும் பாட்டுப் பைத்தியங்களுக்கு அவர்தான் தலைவர். எம்பி3 என்றால் மேல் ஒலிகளை வெட்டிச் சுருக்கிய சின்னக் கோப்பு, ஃபிளாக் என்றால் எதையும் வெட்டாத பெரிய கோப்பு என்பது அங்கே பால பாடம். புதிதாக வரும் யாராவது, "எம்பி3 பாட்டையெல்லாம் ஃபிளாக்கா மாத்திட்டேன்ணே, இப்ப தரம் ஏறிடுச்சு" என்று சொல்லிவிட்டால் போதும்.

"தண்ணிப் பாலைப் பெரிய குடத்துல ஊத்தினா கெட்டியாயிடுமாப்பா?" என்பார். கடையே சிரிக்கும்.

அவர் மனைவி நினிங்குக்கு அந்தச் சிரிப்பு சலித்துப் போயிருந்தது. அவள் பயிற்சி வகுப்புக்காகச் சுரபாயா போக வேண்டும். பகல் முழுக்க ரயில். வீட்டு டிஸ்கில் இருக்கும், அந்த ஊர்ப் பாரம்பரிய இசையான டெகுங் பாட்டு அத்தனையும் தன் சின்ன பிளேயரில் வேண்டும் என்றாள். ஃபிளாக்காகப் போட்டால் அதில் நூறு பாட்டுகூடக் கொள்ளாது.

"எம்பி3யா சுருக்கிக் குடுங்களேன். ரயில் சத்தத்துல என்ன வித்தியாசம் தெரியப்போகுது?"

"என் காதுக்குத் தெரியும்."

"போறது நான். உங்க காதா வருது?"

பேச்சு வளர்ந்து பந்தயத்தில் முடிந்தது. ஒரே பாட்டை ஓஹிம் இரண்டு முறை போடுவார். ஒன்று யாயாத்தின் டிஸ்கிலிருந்து, மற்றது அதிலிருந்தே சுருக்கிய எம்பி3. எது எது என்று சரியாகச் சொல்லிவிட்டால் அவர் கொடுப்பதை நினிங் முணுமுணுக்காமல் எடுத்துப் போக வேண்டும். தவறினால் அத்தனை பாட்டையும் அவரே உட்கார்ந்து சுருக்கித் தர வேண்டும்.

ஞாயிறு வந்தது. ஓஹிம் சூடான சுராபி அப்பத்தைத் தட்டில் வைத்துவிட்டுப் பாட்டைப் போட்டார். யாயாத் கண்ணை மூடிக் கேட்டார். இரண்டாவது முறையும் கேட்டார். நெற்றி சுருங்கியது.

"ரெண்டுமே எம்பி3" என்றார்.

"போச்சுடா. ஒண்ணு உங்க டிஸ்க்ல இருந்து எடுத்ததுண்ணே" என்றார் ஓஹிம்.

பேசாமல் ஏமாந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் மானம் தப்பியிருக்கும். ஆனால் மனுஷனுக்குக் காதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "அந்த டிஸ்க் பாட்டோட ஒலி அலையைப் படமாப் போட்டுப் பாரு" என்றார்.

ஓஹிம் மடிக்கணினியைத் திருப்பினார். நல்ல ஃபிளாக் என்றால் படம் உச்சி வரை புல் முளைத்த மாதிரி இருக்கும். இதுவோ எம்பி3 மாதிரியே, கத்தரியால் வெட்டியதுபோல் மேலே மொட்டையாக இருந்தது. இன்னொரு டெகுங் பாட்டும் மொட்டை. அதற்கடுத்ததும் மொட்டை.

நினிங்குக்குத்தான் முதலில் ஞாபகம் வந்தது.

"கல்யாணமான புதுசுல ஒரு வாரம் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கலையே நீங்க. இருந்த எம்பி3 எல்லாத்தையும் ஃபிளாக்கா மாத்துறேன், தரம் ஏறும்னு. சோறுகூட நான்தான் ஊட்டி விட்டேன்."

கடையே சிரித்த சிரிப்பில் ஒருவர் தொண்டையிலும் சுராபி இறங்கவில்லை. யாயாத் காது வரை சிவந்தார். பிறகு அவருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"எப்படியோ, என் காது ஜெயிச்சுது. பந்தயப்படி நான் குடுக்குறதைத்தான் நீ எடுத்துட்டுப் போகணும்."

"தாராளமா எடுத்துட்டுப் போறேன்" என்றாள் நினிங், பிளேயரை அவர் முன்னால் நகர்த்தி. "தண்ணிப் பால்தானே? அதுக்குப் பெரிய குடம் எதுக்குங்க? சொம்புலயே ஊத்துங்க."