இரண்டாவது வாசல்

சேலை வாங்கப் போய்ச் செத்தவர்கள் என்றுதான் ஊரில் அவர்களுக்குப் பெயர்.

போன தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பல்லடம் சாலையில் இருக்கும் தன் கல்யாண மண்டபத்தில் இலவசச் சேலை கொடுப்பதாகக் கந்தவேல் ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார். உள்ளாட்சித் தேர்தலில் நிற்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. விடிந்ததிலிருந்தே பெண்கள் வந்து குவிந்தார்கள். மண்டபத்துக்கு ஒரே கேட். அதுவும் பூட்டிக் கிடந்தது. வெயில் ஏறியது, கூட்டம் நெருக்கியது, கேட் மட்டும் அசையவில்லை. கடைசியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு அதைத் திறந்தபோது பின்னாலிருந்தவர்கள் தள்ள, முன்னாலிருந்தவர்கள் விழுந்தார்கள். ஒன்பது பெண்கள் எழுந்திருக்கவே இல்லை.

"ஒரு சேலைக்குப் போயி இப்படி முண்டியடிச்சா யாரு என்னங்க பண்ண முடியும்?" என்று கந்தவேல் டிவிக்காரர்களிடம் கேட்டார். வழக்கில் மண்டபத்து வாட்ச்மேன் ஒருவரை மட்டும் சேர்த்தார்கள்.

செத்தவர்களில் ஒருத்தி கருத்தம்மா. அவள் மகள் நதியா கமுதிப் பக்கத்துக்காரி. கல்யாணமான கையோடு திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவள், ஊரில் தனியாகக் கிடந்த அம்மாவையும் பிறகு கூட்டி வந்து வைத்துக்கொண்டாள். இன்னொருத்தி ஜெயசுதா. அவள் புருஷன் ராஜவேல் சேவூர்க்காரர், வீட்டு முன்கூடத்தில் நாலு மெஷின் போட்டுத் தைத்துக் கொடுப்பவர். நதியாவும் ராஜவேலும் ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் பழக்கமானவர்கள்.

ஆண்டு திரும்பும்போது ஒன்பது குடும்பமும் சேர்ந்து ஒரு நினைவுக் கூட்டம் நடத்துவது என்று முடிவானது. பொதுக்கூட்டம், மேடை, மைக். செத்தவர்கள் பேராசைக்காரிகள் இல்லை என்று ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். இருவரும் அனுமதி கேட்டு மனுவோடு ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

இன்ஸ்பெக்டர் மனுவைப் படித்துவிட்டு மேசையில் வைத்தார். "போன வருசந்தான் ஒம்போது பேர் செத்துருக்காங்க. மறுபடியும் கூட்டம் கூட்டணுங்கறீங்க. எதாச்சும் ஆச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது? வீட்லயே வெளக்கேத்திக் கும்பிட்டுக்கங்க."

"போன வருசம் அவருக்கு என்னத்தப் பாத்து சார் அனுமதி குடுத்தீங்க?" என்று நதியா கேட்டாள்.

"அவரு எங்க கேட்டாரு? அவரு எடம், அவரு மண்டபம்."

"அப்பக் கேக்காம நடத்துனவருக்கு ஒண்ணுமில்ல. வந்து கேட்டு நிக்கிறவளுக்குத்தான் இல்லையாக்கும்?"

ராஜவேல் அவள் பக்கம் திரும்பி, போதும் என்பதுபோல் பார்த்தார். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "விதிமுறைன்னு ஒண்ணு இருக்கும்மா. தீயணைப்புத் துறை சான்று, மேடைக்கு உறுதிச் சான்று, ஆம்புலன்ஸ், தண்ணி, கக்கூஸ். எடத்துக்காரர் எழுதிக் குடுக்கணும். உள்ள வர ஒரு வழி, வெளிய போக வேற வழி. கூட்டத்தப் பாத்துக்க உங்க ஆளுங்க. இதெல்லாம் உங்களால ஆகற காரியமா?"

அவளை விரட்டத்தான் அவர் அடுக்கினார். நதியாவுக்கோ அதில் ஒன்று மட்டும் காதில் நின்றது. வெளியே போக வேற வழி. அது ஒன்று இருந்திருந்தால் ஆத்தா வீட்டுக்கு வந்திருப்பாள்.

"எல்லாத்தையும் எழுதிக் குடுங்க சார்," என்றாள். "செஞ்சுட்டு வாறோம்."

வெளியே வந்ததும் ராஜவேல் பைக்கில் சாய்ந்து நின்றார். "குடுக்க மாட்டாங்கங்க. எதுக்கு அலையறது? அனுமதி இல்லாமயே நடத்திப் போடலாமுங்க. புடிச்சா உள்ள போலாம், எனக்கென்ன பயம்?"

"பயம் எனக்கும் இல்லண்ணே. ஆனா கேக்காம நடத்துனா அது கந்தவேல் நடத்துன மாதிரித்தான? நம்ம கூட்டத்துல ஒருத்தி கால ஒருத்தி மிதிக்கக் கூடாது. அவுக கேட்ட அம்புட்டையும் செஞ்சு வச்சுட்டு, இப்ப இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்னு போயி நிக்கணும்."

இடம்தான் முதலில் சிக்கலானது. மண்டபத்துக்காரர்கள் தேதி இல்லை என்றார்கள். காலி மனை வைத்திருந்தவர்கள் கந்தவேல் பேரைக் கேட்டதும் போனை வைத்தார்கள். அப்போதுதான் ஒரு மத்தியானம் பொன்னாத்தாள் நதியாவின் லைன் வீட்டுக்கு வந்து நின்றார். அறுபது தாண்டியவர், கந்தவேலுக்குச் சொந்தச் சித்தி. சாயப்பட்டறைக்கு வாடகைக்கு விட்டிருந்த அவருடைய இடம், பட்டறை மூடிப் போனதால் சுற்றுச்சுவரோடு சும்மா கிடந்தது.

"என்ற எடத்துல நடத்திக்க கண்ணு. எங்க வேணாலும் எழுதிக் குடுக்கறேன்," என்றார்.

நதியாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "உங்க அக்கா மகனுக்கு எதிரா நடத்துற கூட்டம்மா இது."

"தெரியாமயா வந்து நிக்கறேன்? எனக்கும் அந்த மைக்குல ரெண்டு வார்த்தை பேசோணும். அதுக்குச் சம்மதம்னாச் சொல்லு."

என்ன பேசப் போகிறீர்கள் என்று நதியா கேட்டதற்கு, "அன்னைக்குக் கேட்டுக்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தீயணைப்பு நிலைய அலுவலர் இடத்தைச் சுற்றிப் பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் கறாரானவர். "முன்னாடி ஒரு கேட்தான் இருக்குதுங்க. பின்னாடி இந்தச் சுவத்துல பன்னெண்டு அடிக்கு வழி விட்டா சான்று தர்றேன். இல்லைன்னா என்னால கையெழுத்துப் போட முடியாது."

வேறொருவர் சுவரை எப்படி இடிப்பது என்று ராஜவேல் தயங்கினார். பொன்னாத்தாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "கடப்பாரை எங்கப்பா?" என்றார். முதல் அடி அவருடையது. சுவர் கட்டும்போது சிமெண்ட்டில் கஞ்சத்தனம் பார்க்காதவர் போலிருக்கிறது. அன்று மாலை வரை நாலு பேர் மாறி மாறி இடித்தும் பாதிதான் விழுந்தது. மறுநாள் கம்பெனி முடிந்து வந்த பெண்கள் கல்லைச் சட்டியில் அள்ளிக் கொட்டினார்கள். நடுவில் கந்தவேல் போன் செய்தார். எல்லோர் முன்னாலும் பொன்னாத்தாள் பதில் சொன்னார்: "என்ற செவுத்த நானு இடிக்கறேன். உனக்கென்னடா அதுல நோவு?"

சான்றுகள் எல்லாம் வந்தன. மனுவோடு சேர்த்துக் கொடுத்தார்கள். பதில் மட்டும் வரவில்லை. பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். ஐந்து பேராகப் போனால் அதற்கும் அனுமதி எங்கே என்று கேட்பார்கள் என்று, தினமும் நான்கு பெண்களாகப் போலீஸ் உதவி ஆணையர் அலுவலகத்துக்குப் போனார்கள். இன்று போன நால்வர் நாளை போகவில்லை, வேறு நால்வர் போனார்கள். சத்தம் போடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, "எங்க மனு என்னாச்சுங்க?" என்று கேட்டார்கள். அலுவலகம் பூட்டும்போது எழுந்து வந்தார்கள். ஒன்றரை வாரம் இந்த முகங்களைப் பார்த்துச் சலித்துப்போன உதவி ஆணையர் ஒருநாள் அவர்களை உள்ளே கூப்பிட்டு, ஐநூறு பேருக்கு மேல் கூடாது என்ற நிபந்தனையோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஞாயிறு மாலை நாலு மணிக்கே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சின்ன மேடை, இரண்டு பாக்ஸ் ஸ்பீக்கர், தண்ணீர் டிரம்கள், பின்வாசல் ஓரமாக ஆம்புலன்ஸ். கம்பெனியில் வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட்டில் கிடைத்த மஞ்சள் துணியைக் கையில் கட்டிக்கொண்டு முப்பது பெண்கள் வரிசைகளுக்கு நடுவே நின்றார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்கிறவர்களும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அவர்களுக்கு வழி சொல்ல இந்தி தெரிந்த ஒருத்தியை ராஜவேல் முன்கேட்டில் நிறுத்தியிருந்தார். தலைகளை எண்ணி உள்ளே விடுவது அவர் வேலை. ஐநூறு ஆனதும் கேட்டில் குறுக்கே கயிறு கட்டினார். பிறகு வந்தவர்கள் வெளியே, சாலையை விட்டுத் தள்ளி, வரிசையில் நின்றார்கள்.

ஒன்பது பெயர்களையும் அவரவர் வீட்டார் மேடையேறிச் சொன்னார்கள். நதியா பேசினாள்.

"எங்காத்தா சேலைக்கு அலைஞ்சவ இல்ல. அவ கட்டுறதுக்குச் சேலை எங்கிட்ட இருந்துச்சு. அன்னைக்குப் பக்கத்து வீட்டுப் புள்ள கூப்புட்டுச்சுன்னு துணைக்குப் போனா. சேலைக்குப் போனாக்கூட என்ன தப்பு? குடுக்கிறேன்னு கூப்புட்டது யாரு? அவ சேலையால சாகல. கேட்டத் தொறக்காததால செத்தா."

அப்போது வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. ஆறேழு கார்கள் வந்து நின்றன. கந்தவேல் வெள்ளைச் சட்டையில் இறங்கினார். பின்னால் அவருடைய ஆட்கள், ஒருவன் கையில் பெரிய மலர்வளையம், இன்னொருவன் கையில் கேமரா. அஞ்சலி செலுத்த வந்திருக்கிறாராம். பாதுகாப்புக்கு நின்ற இன்ஸ்பெக்டர் வேகமாக மேடைப் பக்கம் வந்தார்.

"பெரிய மனுசன் மனசிறங்கி வந்துருக்காரு. அஞ்சு நிமிசம் உள்ள விடும்மா. மாலையப் போட்டுட்டுப் போயிருவாரு."

நதியா மேடையிலிருந்து இறங்கி முன்கேட்டுக்கு நடந்தாள். கந்தவேலின் ஆட்கள் கயிற்றைத் தூக்கப் பார்த்தார்கள். ராஜவேல் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். மனைவி செத்த பிறகு கந்தவேலை அவர் இவ்வளவு அருகில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"உள்ள எடமில்ல சார்," என்று நதியா இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். "ஐநூறு பேர்னு நீங்கதான் குடுத்தீங்க. ஐநூறு பேர் இருக்காக."

"ஒருத்தருக்கா எடமில்ல?"

"ஒருத்தர்னா வரட்டும். உள்ள இருந்து ஒருத்தர் வெளிய போனதும் ஒருத்தர விடுவோம். அந்தா வரிசை நிக்குது, கடைசியில போயி நிக்கச் சொல்லுங்க. இவரு ஆளுங்க தள்ளிக்கிட்டு வந்து இங்க ஒருத்தி விழுந்தா நீங்க பதில் சொல்லுவீகளா?"

இன்ஸ்பெக்டர் பின்னால் உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்தார். ஒரு பெண்கூட எழுந்திருக்கவில்லை. ஐநூறு பேரும் தரையில் உட்கார்ந்தபடியே கேட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர் கந்தவேலிடம் போய்த் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். கந்தவேலின் முகம் சிவந்தது. ஆனால் அவருடைய கேமராவோடு சேர்த்து ஏழெட்டு செல்போன்களும் அவரையே படம் பிடித்துக்கொண்டிருந்தன. திரும்பிப் போனால் அதுவும் செய்தியாகும். வரிசையின் கடைசிக்குப் போய், ஒரு பீகாரிப் பெண்ணுக்குப் பின்னால் நின்றார்.

அவர் அங்கே நின்றுகொண்டிருக்கும்போதுதான் பொன்னாத்தாள் மைக்கைப் பிடித்தார்.

"அன்னைக்கு நானும் மண்டபத்துக்குள்ளதான் இருந்தேன். சேலைய அட்டி அட்டியா அடுக்கிக் குடுக்கப் போயிருந்தேன். வெளிய பொம்பளைக கத்தறாங்க, கேட்டத் தொறந்து உடு சாமின்னு நானே கந்தவேலுகிட்டப் போயிச் சொன்னேன். டிவிக்காரங்க வரட்டும் சித்தி, கூட்டம் இருந்தாத்தான் படத்துக்கு நல்லா இருக்கும்னான். கேட்டுச் சாவி வாட்ச்மேன்கிட்ட இல்லீங்க. அவன்ற சட்டைப் பையில இருந்துச்சு. நா எங்க வேணாலும் வந்து இதச் சொல்லுவேன்."

பாக்ஸ் ஸ்பீக்கரில் அது வரிசையின் கடைசி வரை தெளிவாகக் கேட்டது. ஒரு பெண் அடிவயிற்றிலிருந்து அழுதாள். முன்வரிசையில் சிலர் எழுந்து கேட்டுப் பக்கம் பாயப் பார்த்தார்கள். மஞ்சள் துணிக்காரிகள் கைகோத்து மறித்தார்கள். "உக்காருங்கக்கா, உக்காருங்க," என்று நதியா கேட்டிலிருந்தே கத்தினாள். "நம்ம யாரும் எந்திரிக்க வேணாம். அவரு போறதப் பாக்கலாம்."

கந்தவேல் போனார். மலர்வளையத்தைச் சாலையோரத்தில் வைத்துவிட்டு அவருடைய ஆட்களும் போனார்கள்.

கூட்டம் முடிந்ததும் பாதிப் பேர் முன்கேட் வழியாகவும், மீதிப் பேர் இடித்த சுவர் வழியாகவும் கலைந்தார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர் வண்டிக்குள் தூங்கிப்போயிருந்தார். அவரை எழுப்பித்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

பொன்னாத்தாள் சொன்னதை எத்தனையோ பேர் செல்போனில் பதிவு செய்திருந்தார்கள். இரண்டு வாரம் கழித்துப் போலீஸ் அவரைக் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கியது. வழக்கில் கந்தவேல் பெயர் சேர்ந்தது. முன்ஜாமீன் வாங்கி வெளியேதான் இருக்கிறார்.

வெளியே நின்ற வரிசையைக் காட்டி, சாலையை மறித்ததாகவும், நிபந்தனையை மீறிச் சட்டவிரோதமாகக் கூடியதாகவும் நதியா மேலும் ராஜவேல் மேலும்கூட ஒரு வழக்குப் போட்டார்கள். கம்பெனி சூப்பர்வைசர், மேலிடத்து உத்தரவு என்று சொல்லி அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். பல்லடம் பக்கத்தில் வேறொரு யூனிட்டில் சேர்ந்தாள், பஸ்ஸில் போய் வர வேண்டும்.

முதல் வாய்தா அன்று கோர்ட்டில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் சின்ன அபராதம், இன்றே முடிந்துவிடும் என்றார்கள். கட்டிவிட்டுப் போகலாம் என்று பக்கத்தில் நின்ற வக்கீல்கூடச் சைகை காட்டினார்.

நதியா கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒத்துக்க மாட்டேங்கய்யா. அன்னைக்கு வந்தவுக அம்புட்டுப் பேரும் நல்லபடியா வீடு போயிச் சேந்தாக. அதுல ஒரு குத்தமும் இல்ல. கேஸ நடத்துங்க, நான் வாறேன்."