டீச்சர் வீட்டு வரிசை

அடுத்த வீட்டில் இரவல் வாங்கிய டேபிள் ஃபேனைக் கட்டிப் பிடித்தபடி மகள் திரும்பி வந்தபோது, அவள் வீட்டு வாசலிலேயே சட்டைப்பையில் டெஸ்டர் செருகிய ஓர் எலெக்ட்ரீஷியன் அவளை மறித்தான்.

“அக்கா, வரிசையில வாங்க.”

“என்னது?”

“இடிச்சுக்கிட்டுப் போனா டீச்சருக்குப் பிடிக்காது.”

வாசலிலிருந்து தெருமுனை வரை ஒருவர் பின் ஒருவராக ஆட்கள். யாரையும் அதட்ட வேண்டியிருக்கவில்லை. நரைத்த தலைகள்கூடச் சமர்த்தாக நின்றன. பெற்ற அம்மாவைப் பார்க்க வரிசையாம்! எங்கம்மாவுக்கு எது பிடிக்காதுன்னு நீ சொல்றியா என்று வாய் வரை வந்தது. அம்மாவின் அதே மூக்கு, அதே முட்டைக்கண் அவளுக்கும். பார்த்ததுமே தெரிய வேண்டாமா? இத்தனை பேரில் ஒருத்தருக்காவது தெரிகிறதா பார்ப்போம் என்ற வீம்பில், ஃபேனோடு போய்க் கடைசியில் நின்றாள்.

விடிந்ததிலிருந்து அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அம்மாவைச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போக வண்டி வருவதற்குள் அவளோடு கொஞ்ச நேரம், தனியாக. சித்தி கையை விரித்துவிட்டாள்.

“ஊரே வந்து நிக்குதுடி. கதவைச் சாத்துனா நல்லாவா இருக்கும்?”

ஊராம், ஊர்! மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவளைக் குளிப்பாட்டியது ஊரா?

முன்னால் நின்ற பேக்கரிக்காரி திரும்பினாள். மாவு படிந்த உடுப்போடு அப்படியே கடையிலிருந்து ஓடி வந்திருந்தாள்.

“நீங்களும் டீச்சர்கிட்டப் படிச்சவங்களா?”

“இல்ல.”

“குடுத்து வைக்காதவங்க நீங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எங்கம்மா போனப்போ நான் சின்னப் பொண்ணு. பரட்டைத் தலையோடதான் பள்ளிக்கூடம் போவேன். டீச்சர் அந்த வருஷம் பூரா மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே வந்து எனக்குத் தலை பின்னி விட்டாங்க. இழுக்கவே மாட்டாங்க, தெரியுமா? அப்படியொரு கை.”

மகளுக்குத் தெரியாது. அவள் கண் விழிப்பதற்குள் அம்மா கிளம்பிப் போயிருப்பாள். அவள் தலை சித்தியிடம் மாட்டிக்கொள்ளும். சித்தி வாரினால் உச்சந்தலையே கழன்று வருகிற மாதிரி இருக்கும். ‘வேலை இருக்குடி’ என்பாளே அம்மா, அந்த வேலை இதோ கண்ணெதிரே மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றது. அவளுக்கு வயிறு எரிந்தது. தாயில்லாத பிள்ளைமேல் போய்ப் பொறாமையா என்று தன்னையே திட்டிப் பார்த்தாள். எரிச்சல் அடங்கவில்லை.

வரிசை நகர்ந்து, படியேறி, கூடத்துக்குள் வந்தது. பேக்கரிக்காரி கட்டிலருகே குனிந்து அம்மாவின் நெற்றி முடியை ஒதுக்கினாள். ஒதுக்கிக்கொண்டே இருந்தாள்.

“போதும்,” என்றாள் மகள். “கையை எடுங்க. நான் அவங்க பொண்ணு.”

பேக்கரிக்காரி சுட்டுக்கொண்டவள் போலக் கையை எடுத்து விலகினாள். வாசலிலிருந்து எலெக்ட்ரீஷியன் பதறிக்கொண்டு வந்தான்.

“ஐயோ, சொல்லியிருக்கக் கூடாதாக்கா? நேரா உள்ள விட்டிருப்பேனே!”

அவள் ஃபேனை அவன் கையில் திணித்துவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அம்மாவின் வலது கை போர்வைக்கு வெளியே இருந்தது. தூக்கப் பார்த்தாள். விறைத்துப்போன கை வளைந்து கொடுக்கவில்லை. பிறகு அவளே குனிந்து, தலையை அந்த உள்ளங்கைக்கு அடியில் நுழைத்துக்கொண்டாள்.

வெளியே வண்டி வந்து நின்றது. சித்தி அவள் தோளைத் தொட்டாள்.

“எழுந்திரும்மா. பின்னாடி எத்தனை பேர் நிக்கிறாங்க பாரு.”

“நிக்கட்டும்,” என்றாள், தலையை எடுக்காமல்.