சும்மா பெட்டியும் ஒரு காதுகுத்தும்

இந்த முறை காதுகுத்து தள்ளிப்போகாது என்று சூர்யகலா தன் அண்ணன் அருண்பாண்டியிடம் அடித்துச் சொல்லியிருந்தாள். ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போட்டாகிவிட்டது. முதலில் தீபாவளி ஆர்டர், அடுத்து புத்தாண்டு ஆர்டர். மகள் தமிழ்மதிக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. "இனி அவளே போய்க் குத்திக்கிருவா" என்று அண்ணன் சாடையாகச் சொன்னதில் சூர்யகலாவுக்கு முகம் செத்துப்போனது.

எல்லாம் அந்தப் பெட்டியால் வந்தது. சின்ன மரப்பெட்டி, மேலே ஒரு சுவிட்ச். சுவிட்சைப் போட்டால் மூடி திறந்து உள்ளிருந்து ஒரு விரல் வரும். சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். வேறு ஒரு புண்ணியமும் கிடையாது. எலக்ட்ரானிக்ஸ் படித்தவளாயிற்றே, கல்யாணமான புதிதில் கணவன் ராஜ்கமலின் பிறந்தநாளுக்கு விளையாட்டாகச் செய்தாள். அவன் வீடியோ எடுத்துப் போட்டான். கம்ப்யூட்டரே கதியென்று கிடக்கும் பெங்களூர்ப் பையன்கள் நான் நீ என்று கேட்டார்கள். 'சும்மா பெட்டி' என்று பேர் வைத்து ஆன்லைனில் கடை போட்டார்கள். கீபோர்டு மாதிரித் தலையணை, பூஜ்யமும் ஒன்றும் மட்டுமே காட்டும் கடிகாரம் என்று சரக்கு பெருகியது. சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தது, இன்று வடமதுரை ரோட்டில் ஒரு பழைய கோழிப்பண்ணைக் கொட்டகை முழுக்க அடைந்து கிடக்கிறது. மழை பெய்தால் இன்னும் கோழி வாடை அடிக்கும். ஊரார் இதை வளர்ச்சி என்கிறார்கள். சூர்யகலாவுக்கு இது இடுப்புவலி.

காதுகுத்துக்கு முதல் நாள் மத்தியானம் அவள் போனிலேயே கடையை அடைத்தாள். ஒரு தட்டு தட்டினால் போதும், 'விடுமுறை' என்று வந்துவிடும். நிம்மதியாக ஒரு டீ குடிப்பதற்குள் டிங் என்றது. ஆர்டர். ராஜ்கமல் தன் போனிலிருந்து திறந்துவிட்டிருந்தான். அவள் அடைத்தாள். அவன் திறந்தான். சாயங்காலம் வரை இதே கூத்து. பேக்கிங் செய்யும் முத்துப்பேச்சி சிரித்தேவிட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் அந்தப் பெட்டிக்குள்ள இருக்குற வெரலாட்டம் இருக்கீகக்கா."

சூர்யகலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே அவனிடம் போனாள்.

"ஏங்க, ஒரு நா பொறுக்க மாட்டீங்களா? என்னால முடியலங்க. புள்ள மூஞ்சிய நெனச்சாக்கூட பார்சல்தான் கண்ணுக்குள்ள வருது."

ராஜ்கமல் பார்சல் ஒட்டிக்கொண்டிருந்த டேப்பைக் கீழே வைத்தான். அவன் கண்ணும் சிவந்துபோய்த்தான் கிடந்தது.

"சும்மா இருந்தா பயமா இருக்கு கலா. ஒரு நா நின்னா அப்படியே நின்னுபோயிருமோன்னு. சரி, இனிமே தொட மாட்டேன்."

சொன்னபடியே தன் போனைக் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தான்.

மறுநாள், நத்தம் பக்கம் புளியந்தோப்புக்குள் இருக்கும் குலதெய்வக் கோயில். மொட்டையும் சந்தனமுமாகத் தமிழ்மதி தாய்மாமன் மடியில் உட்கார்ந்தாள். ராஜ்கமல் வெறுங்கையோடு நின்றான். பார்க்க வேறு ஆள் மாதிரி இருந்தது.

"அம்மா, இங்கயே நில்லு," என்றாள் மகள்.

"இங்கதேன் இருக்கேன் தங்கம்."

இருந்தாள். ஆனால் காலையிலிருந்து போனில் ஒரு டிங் கூட இல்லை. இதற்குத்தானே ஏங்கினாள்? இருந்தும் கை போனையே தடவிக்கொண்டிருந்தது. வந்தவனெல்லாம் பூட்டிய கடையைப் பார்த்துவிட்டு வேறு இடத்துக்குப் போயிருப்பானோ? ஆசாரி இன்னும் ஊசியைத் துடைத்துக்கொண்டுதானே இருக்கிறார், கொஞ்சம் பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்று எடுத்தாள். விரல் தானாகப் போய்க் கடையைத் திறந்தது.

டிங். பின்னாலேயே இன்னொன்று. அப்பாடா என்றிருந்தது. இரண்டாவது ஆர்டர் எந்த ஊர் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே "அம்மா" என்ற அலறல் கேட்டது.

நிமிர்ந்தாள். ஒரு காது முடிந்திருந்தது. முகமெல்லாம் கண்ணீராக மகள் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜ்கமலும் பார்த்தான். ஆசாரி பிள்ளையின் தலையை மறுபக்கம் திருப்பினார்.

போன் மறுபடி டிங் என்றது. சூர்யகலா குனியாமல் இருக்கப் பார்த்தாள்.